வரி பாக்கியில் ‘சமாதானம்’: 14 லட்சத்தை 4 லட்சத்தில் முடிக்க முடியுமா?

எளாவூரைச் சேர்ந்த ஒரு வாசகர் இந்த நவரைப் பட்டத்தில் அறுத்த நெல்லை நேரடி கொள்முதல் நிலையத்தில் போட்டார். பணம் கணக்கில் ஏறிவிட்டதாகக் கைபேசிக்குத் தகவல் வந்தது. மறுநாள் உரக்கடை பாக்கியைக் கொடுப்பதற்காக வங்கிக்குப் போனார். பணத்தை எடுக்க முடியவில்லை. கணக்கை முடக்கி வைக்கும்படி வருமான வரித்துறையிலிருந்து உத்தரவு வந்திருப்பதாக மேலாளர் சொன்னார். வரிக்கும் தனக்கும் என்ன சம்பந்தம் என்று புரியாமல் வாசகர் வெறுங்கையோடு வீடு திரும்பினார்.

விசாரித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. 2017-ஆம் ஆண்டு, மகள் திருமணத்துக்காகவும் பழைய கடனை அடைக்கவும் 1 ஏக்கர் 10 சென்ட் நிலத்தை 34 லட்சம் ரூபாய்க்கு விற்றிருந்தார். பத்திரப் பதிவுக்காக அவசரமாக பான் அட்டை எடுத்தபோது, பிரவுசிங் சென்டர்காரர் தன்னுடைய மின்னஞ்சல் முகவரியையே கொடுத்துவிட்டார். 2022 மார்ச்சில் வந்த நோட்டீஸ், அடுத்து வந்த நினைவூட்டல்கள், 2023 மார்ச்சில் போடப்பட்ட உத்தரவு எல்லாமே அந்த முகவரிக்குத்தான் போயின. பதில் வராததால் அதிகாரி 34 லட்சத்தையும் லாபமாகவே வைத்துக் கணக்குப் போட்டுவிட்டார். வரி சுமார் 6.5 லட்சம், வட்டி சுமார் 7.5 லட்சம், ஆக மொத்தம் 14 லட்சம் ரூபாய்.

போதாததற்கு இன்னொரு காகிதமும் வீட்டில் கிடக்கிறது. எளாவூர் சோதனைச் சாவடிப் பக்கம் அவருடைய நைனா லாரி உதிரிபாகக் கடை வைத்திருந்தார். அவர் காலமாகிவிட்டார். அந்தக் கடையின் 2013-14ஆம் ஆண்டு வாட் வரியில் 41,000 ரூபாய் பாக்கி என்று வணிகவரித் துறை எப்போதோ அனுப்பிய கடிதம் அது.

இந்த நேரத்தில்தான் ஒரு தரகர் வீடு தேடி வந்திருக்கிறார். “அண்ணே, 14 லட்சம் எங்க, 4 லட்சம் எங்க? சமாதான் திட்டம்னு ஒண்ணு இருக்கு. மேல பேசியாச்சு. 4 லட்சம் ரொக்கமா குடுங்க, மொத்தத்தையும் முடிச்சுக் குடுக்கறேன்” என்பது அவர் பேச்சு. மீதமிருக்கும் இரண்டு ஏக்கரில் அரை ஏக்கரை விற்றாவது கொடுத்துவிடலாமா என்று கேட்டு வாசகர் எழுதியிருக்கிறார்.

கொடுக்கக் கூடாது. அதற்கான காரணத்தையும், கொடுக்காமல் செய்ய வேண்டியதையும் விரிவாகப் பார்க்கலாம். தொழிற்பேட்டை வந்ததால் நிலத்தின் விலை ஏறிய கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, ஊத்துக்கோட்டை வட்டங்களில் இந்த வாசகரைப் போல இன்னும் பலர் இருக்கலாம்.

தள்ளுபடி, சமாதானம், தவணை

ஊரில் இந்த மூன்று சொற்களையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். மூன்றும் வேறு வேறு.

தள்ளுபடி என்றால் பாக்கியை அரசே விட்டுவிடுவது. 2021-இல் தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி செய்யப்பட்டதை விவசாயிகள் அறிவார்கள். சமாதானம் என்றால் பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டி மீதியிலிருந்து விடுபடுவது. தவணை என்றால் முழுத் தொகையையும் பிரித்துப் பிரித்துக் கட்டுவது.

வங்கிக் கடன் என்றால் மேலாளரிடம் பேசி ஒரே முறையில் தீர்த்துக்கொள்ள வழி இருக்கிறது. வரி பாக்கி அப்படிப்பட்டதல்ல. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியையும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்று இந்திய அரசியலமைப்பின் 265-ஆவது பிரிவு சொல்கிறது. அதே போல, சட்டம் இடம் கொடுக்காமல் வரியைக் குறைத்துக்கொள்ளவும் எந்த அதிகாரிக்கும் உரிமை கிடையாது. “மேல பேசியாச்சு” என்பதற்கு வரி விஷயத்தில் பொருளே இல்லை. மேலே இருப்பது சட்டம்தான்.

அமெரிக்காவில் பிள்ளைகள் வேலை பார்க்கும் வீடுகளில், “அங்கே கட்ட முடியாதவர் இவ்வளவுதான் முடியும் என்று எழுதிக் கொடுத்தால் அரசு ஏற்றுக்கொள்ளுமாமே” என்று கேட்பதுண்டு. உண்மைதான். அந்த நாட்டு வருமான வரித்துறையில் அப்படி ஒரு நிரந்தர ஏற்பாடு இருக்கிறது. சொத்து, வருமானம், குடும்பச் செலவு எல்லாவற்றையும் காட்டி, எந்த ஆண்டிலும் விண்ணப்பிக்கலாம். இந்தியாவில் தனி நபருக்கு அப்படி எப்போதும் திறந்திருக்கும் கதவு இல்லை. 1976 முதல் வருமான வரி தீர்வு ஆணையம் என்று ஒன்று இயங்கியது. சென்னையிலும் அதன் அமர்வு இருந்தது. ஆனால் அது கணக்கில் காட்டாத வருமானத்தைத் தானே முன்வந்து சொல்பவர்களுக்கானது. அதுவும் 2021 பிப்ரவரி 1 முதல் இல்லை.

இங்கே இருப்பது, அவ்வப்போது ஒரு சட்டம் போட்டு, ஒரு கெடு வைத்து, சில மாதங்கள் மட்டும் திறக்கிற கதவு. அதற்குள் போனவருக்குப் பலன் உண்டு. கெடு முடிந்தால் கதவு மூடிவிடும்.

இதுவரை திறந்த கதவுகள்

மத்திய அரசு 1998-இல் ‘கர் விவாத் சமாதான்’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. இந்தியில் சமாதான் என்றால் தீர்வு. தமிழ்நாட்டில் அது சமாதானத் திட்டம் என்றே பேர் பெற்றுவிட்டது. 2019-இல் பழைய கலால் வரி, சேவை வரி வழக்குகளுக்கு ‘சப்கா விஸ்வாஸ்’ வந்தது. அதில் பெரும் தள்ளுபடி இருந்தது. வழக்கில் இருந்த வரி 50 லட்சம் ரூபாய்க்குள் என்றால் அதில் 70 விழுக்காடு வரை விட்டுக் கொடுத்தார்கள்.

வருமான வரிக்கு 2020-இல் ‘விவாத் சே விஸ்வாஸ்’ சட்டம் வந்தது. அதன் இரண்டாவது பதிப்பு 2024 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. விண்ணப்பிக்க 2025 ஏப்ரல் 30 கடைசி நாள். இந்தத் திட்டத்தில் வரி குறையவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வழக்கில் இருக்கும் வரியை முழுமையாகக் கட்டினால் வட்டியும் அபராதமும் போகும். தாமதமாக வந்தவர்கள் வரிக்கு மேலே கூடுதலாகவும் கட்ட வேண்டியிருந்தது. அதோடு, 2024 ஜூலை 22 அன்று மேல்முறையீடு நிலுவையில் இருந்தவர்களுக்கு மட்டுமே அதில் இடம் இருந்தது.

எளாவூர் வாசகர் மேல்முறையீடே செய்யவில்லை. ஆகவே திட்டம் நடந்துகொண்டிருந்த நாளிலேயே அவருக்கு அதில் இடம் இல்லை. இப்போது திட்டமும் முடிந்துவிட்டது. தரகர் எந்தத் திட்டத்தைக் காட்டி 4 லட்சம் கேட்கிறார்?

2024 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில் சிறு பாக்கிகளுக்கு ஒரு தள்ளுபடி வந்தது. 2009-10 நிதியாண்டு வரையிலான காலத்தில் 25,000 ரூபாய் வரைக்கும், 2010-11 முதல் 2014-15 வரை 10,000 ரூபாய் வரைக்கும் இருந்த பழைய நேரடி வரிக் கோரிக்கைகளை அரசே கைவிட்டது. ஒருவருக்கு மொத்தம் 1 லட்சம் ரூபாய் என்பது உச்சவரம்பு. வாசகரின் பாக்கி இதற்குள்ளும் வராது.

நைனா கடை பாக்கி

தரகர் ‘சமாதான்’ என்று சொல்வது எங்கிருந்தோ காதில் விழுந்த சொல்தான். தமிழ்நாட்டில் அந்தப் பெயரில் உண்மையாகவே ஒரு திட்டம் இருந்தது. ஆனால் அது வருமான வரிக்கானதல்ல, ஜி.எஸ்.டி.க்கு முந்தைய விற்பனை வரி, வாட் வரி பாக்கிகளுக்கானது. 2023 அக்டோபரில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டப்பேரவையில் அதை அறிவித்தார். அதற்கான தமிழ்நாடு வரிகள் நிலுவைத் தீர்வுச் சட்டம், 2023 அந்த மாதம் 16-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. 2002, 2010 உள்ளிட்ட ஆண்டுகளிலும் இதே போன்ற சட்டங்கள் வந்திருக்கின்றன.

2023 சட்டத்தில் இரண்டு அம்சங்கள் சிறு வணிகர்களுக்கு முக்கியமானவை. ஒரு மதிப்பீட்டு ஆண்டில் வரி, வட்டி, அபராதம் எல்லாம் சேர்ந்து 50,000 ரூபாய்க்குள் இருந்தால் முழுத் தள்ளுபடி. இதனால் 95,000-க்கும் மேற்பட்ட சிறு வணிகர்கள் பயனடைவார்கள் என்று அரசு அறிவித்தது. அதற்கு மேல் 10 லட்சம் ரூபாய் வரை பாக்கி உள்ளவர்கள், மொத்த நிலுவையில் 20 விழுக்காட்டைக் கட்டித் தீர்த்துக்கொள்ளலாம் என்று வாய்ப்பு தரப்பட்டது. 2 லட்சம் பாக்கி என்றால் 40,000 ரூபாய். திறந்திருந்த காலத்தில் இதைப் பயன்படுத்தியவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள்.

நைனாவின் கடை பாக்கி வட்டி, அபராதம் உட்பட 41,000 ரூபாய்தான் என்றால் அது முழுத் தள்ளுபடி வரம்புக்குள் வருகிறது. ஆனால் ‘வந்திருக்கும்’ என்று நினைத்துச் சும்மா இருக்கக் கூடாது. கடையின் பழைய பதிவு எண், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றோடு, கடை எந்த வணிகவரி சரகத்தில் பதிவாகியிருந்ததோ அந்த அலுவலகத்தில் ஒரு மனு கொடுக்க வேண்டும். “மேற்படி ஆண்டுக்கான நிலுவை 2023 சட்டத்தின்படி தள்ளுபடி ஆகிவிட்டதா, இப்போது நிலுவை எவ்வளவு என்று எழுத்தில் தெரிவிக்கவும்” என்று இரண்டே வரி போதும். மனுவின் நகலில் அலுவலக முத்திரை வாங்கி வைத்துக்கொள்வது கட்டாயம்.

இதை அலட்சியம் செய்தால் என்ன ஆகும்? விற்பனை வரி பாக்கியை நிலவரி பாக்கி போலவே வசூலிக்கலாம். அதற்கு 1864-ஆம் ஆண்டின் வருவாய் வசூல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அந்தச் சட்டத்தின்படி நிலத்தை ஜப்தி செய்யவும் ஏலம் விடவும் முடியும். கடை பாக்கிக்காக வயல் ஜப்திக்கு வருவது இப்படித்தான். இறந்தவரின் வரி பாக்கிக்கு வாரிசுகள் பொறுப்பு என்றாலும், அவரிடமிருந்து வந்த சொத்தின் மதிப்பு வரைக்கும்தான் பொறுப்பு. வாரிசு தன் உழைப்பில் வாங்கிய நிலம் அதில் சேராது.

முதல் கேள்வி: கடனே இருக்கிறதா?

இப்போது 14 லட்சத்துக்கு வருவோம். பாக்கியை எப்படிக் குறைப்பது என்று யோசிப்பதற்கு முன்னால், பாக்கியே உண்டா என்று பார்க்க வேண்டும். இந்த வாசகர் விஷயத்தில் எல்லாம் இதில்தான் அடங்கியிருக்கிறது.

விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரி இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். விவசாய நிலத்தை விற்ற பணத்துக்கும் பல நேரங்களில் வரி இல்லை என்பது பலருக்குத் தெரியாது. கிராமப்புற விவசாய நிலம் வருமான வரிச் சட்டத்தின் கண்ணில் ‘மூலதனச் சொத்து’ ஆகாது. அதை விற்றால் மூலதன லாப வரி கிடையாது.

எது கிராமப்புற நிலம்? நிலம் நகராட்சி எல்லைக்கு வெளியே, ஆனால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுதான் அளவுகோல். இங்கே நகராட்சி என்ற சொல்லில் பேரூராட்சியும் அடங்கும்.

அந்த ஊரின் மக்கள்தொகை 10,000-க்கு மேல் 1 லட்சம் வரை என்றால், அதன் எல்லையிலிருந்து 2 கி.மீ.க்கு அப்பால் இருக்க வேண்டும்.
1 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை என்றால், 6 கி.மீ.க்கு அப்பால்.
10 லட்சத்துக்கு மேல் என்றால், 8 கி.மீ.க்கு அப்பால்.

தூரத்தைச் சாலை வழியாக அளக்கக் கூடாது. காக்கை பறக்கிற நேர்கோட்டில் அளக்க வேண்டும். வெளியாகியிருக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். எளாவூர் ஊராட்சிப் பகுதி. பக்கத்தில் இருக்கும் கும்மிடிப்பூண்டி பேரூராட்சி 1 லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை கொண்டது. ஆகவே விற்ற நிலத்தின் சர்வே எண், அந்தப் பேரூராட்சி எல்லையிலிருந்து நேர்கோட்டில் 2 கி.மீ.க்கு அப்பால் இருந்து, அங்கே உண்மையாகச் சாகுபடியும் நடந்திருந்தால், அந்த விற்பனைக்கு வரியே இல்லை. வரியே இல்லாதபோது வட்டியும் இல்லை.

அதாவது, 14 லட்சத்துக்குப் பதில் 4 லட்சம் என்று தரகர் காட்டுவது லாபமாகத் தெரிகிறது. ஆனால் நியாயப்படி கட்ட வேண்டியது ஒரு ரூபாய்கூட இல்லாமல் இருக்கலாம். ‘விவாத் சே விஸ்வாஸ்’ திட்டத்தில் இடம் கிடைத்திருந்தாலும், வாசகர் 6.5 லட்சம் ரூபாய் வரியை முழுமையாகக் கட்டியிருப்பார். தேவையில்லாத சமாதானமும் நஷ்டம்தான்.

சாகுபடிக்குச் சாட்சி

நிலம் விவசாய நிலம் என்பதை வாய்ச்சொல்லால் நிரூபிக்க முடியாது. காகிதம் வேண்டும். வாசகர் திரட்ட வேண்டியவை:

விற்பனைப் பத்திரம், மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று. பத்திரத்தில் நிலம் நஞ்சை அல்லது புஞ்சை என்று எழுதியிருக்கிறதா, சென்ட் கணக்கா, மனை கணக்கா என்று பார்க்க வேண்டும்.

விற்ற காலத்துப் பட்டா, சிட்டா.

விற்பதற்கு முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகளின் அடங்கல். எல்லாவற்றிலும் முக்கியமான சாட்சி இதுதான். எந்தப் பசலியில், எந்த சர்வே எண்ணில், என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதி வைத்த பதிவு அது. நெல்லோ, வேர்க்கடலையோ, சவுக்கோ எதுவானாலும் பதிவாகியிருக்க வேண்டும்.

அதே நிலத்துக்குத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடன் ரசீது, பயிர்க் காப்பீட்டு ரசீது, கொள்முதல் நிலையச் சீட்டு, விவசாய மின் இணைப்பு அட்டை. இவற்றில் கிடைப்பது எதுவானாலும் பயன்படும்.

பேரூராட்சி எல்லையிலிருந்து நேர்கோட்டுத் தூரம் எவ்வளவு என்று வட்டாட்சியர் அலுவலகம் தரும் சான்று.

நிலத்தை வாங்கியவர் பிறகு அங்கே கிடங்கு கட்டியிருந்தால் பயப்பட வேண்டாம். விற்ற நாளில் நிலம் என்ன நிலையில் இருந்தது என்பதுதான் கேள்வி. ஆனால் விற்பதற்கு முன்பே மனைப் பிரிவு போட்டு, மனை மனையாக விற்றிருந்தால் இந்த வாதம் நிற்காது. பல ஆண்டுகள் தரிசாகக் கிடந்து, அடங்கலிலும் தரிசு என்றே இருந்தால் அதுவும் சிக்கல்தான்.

ஒருவேளை நிலம் 2 கி.மீ.க்குள் இருந்தாலும் 34 லட்சமும் லாபம் ஆகிவிடாது. 2001-க்கு முன்பே குடும்பத்தில் இருந்த நிலம் என்றால், 2001 ஏப்ரல் 1 அன்று இருந்த சந்தை மதிப்பை எடுத்து, விலைவாசிக் குறியீட்டால் உயர்த்திக் கழிக்கலாம். 2017-18-க்கான குறியீடு 272. அன்றைய மதிப்பு 3 லட்சம் என்றால், 8 லட்சத்து 16 ஆயிரம் ரூபாயைக் கழித்த பிறகுதான் லாபம். இரண்டு ஆண்டுகளுக்குள் வேறு விவசாய நிலம் வாங்கியிருந்தால் அதற்கும் 54பி பிரிவில் சலுகை உண்டு. பத்திரத்தில் தம்பியோ தங்கையோ பங்குதாரராக இருந்தால் அவர்கள் பங்கு இவர் கணக்கில் வராது. பதில் சொல்ல ஆள் இல்லாததால் அதிகாரி இதில் எதையுமே பார்க்கவில்லை.

வாசகர் செய்ய வேண்டியது

முதலில், பக்கத்தில் இருக்கும் ஒரு தணிக்கையாளர் அல்லது வரி வழக்கறிஞரின் உதவியோடு வருமான வரி இணையதளத்தில் தன் பான் எண்ணால் நுழைய வேண்டும். பிரவுசிங் சென்டர் முகவரியை எடுத்துவிட்டுத் தன் வீட்டாரின் மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் பதிய வேண்டும். பிறகு உத்தரவு, கோரிக்கை நோட்டீஸ் எல்லாவற்றையும் பதிவிறக்க வேண்டும். 2019 அக்டோபர் 1 முதல் துறையின் ஒவ்வொரு கடிதத்திலும் ஆவண அடையாள எண் இருக்க வேண்டும். அந்த எண் உண்மையானதா என்று இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். நிலுவைக் கோரிக்கை பகுதியில் ‘ஏற்கவில்லை’ என்று காரணத்தோடு பதிவு செய்யலாம்.

இரண்டாவது, மேல்முறையீடு. நோட்டீஸ் கிடைத்த 30 நாளுக்குள் வருமான வரி ஆணையரிடம் இணையவழியில் மேல்முறையீடு செய்ய வேண்டும் என்பது விதி. காலம் கடந்துவிட்டாலும் போதிய காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கலாம் என்றும் சட்டம் சொல்கிறது. மின்னஞ்சல் வேறொருவருடையது, வங்கிக் கணக்கு முடங்கிய நாளில்தான் விஷயம் தெரிந்தது என்பதை உறுதிமொழிப் பத்திரமாக, நாள் வாரியாக எழுத வேண்டும். வங்கியிலிருந்து ஒரு கடிதம் வாங்கி இணைத்தால் பலம். தெரிந்த பிறகும் மேலும் மூன்று மாதம் தள்ளிப்போட்டால் அந்தக் காரணம் பலவீனமாகிவிடும். மேல்முறையீட்டுக் கட்டணம் அதிகபட்சம் 1,000 ரூபாய்தான். கணக்குத் தாக்கல் செய்யாதவர் முன்வரித் தொகையைக் கட்டிவிட்டுத்தான் மேல்முறையீடு செய்ய வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. அதிலிருந்து விலக்கு கேட்டுத் தனியாக மனு சேர்ப்பதை மறந்துவிடக் கூடாது.

மூன்றாவது, முடங்கிய கணக்கு. மேல்முறையீடு செய்த ஒப்புகையைக் காட்டி, வசூலை நிறுத்தி வைக்கும்படி மதிப்பீட்டு அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். சாதாரணமாகக் கோரிக்கைத் தொகையில் 20 விழுக்காட்டைக் கட்டச் சொல்வார்கள். 14 லட்சத்துக்கு அது 2 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். அதைக் கட்ட முடியாத நிலை, முதல் பார்வையிலேயே வரி இல்லை என்பதற்கான ஆதாரம், கணக்கில் இருப்பது நெல் விற்ற பணம் என்பதற்கான கொள்முதல் சீட்டு ஆகியவற்றை இணைத்துக் குறைத்துக் கேட்கலாம். கேட்காவிட்டால் எதுவும் கிடைக்காது.

நான்காவது, எல்லா வழக்கும் தோற்று வரி உண்டு என்றே முடிவானாலும், அப்போதும் நேரான வழிகள் உண்டு. தவணை கேட்கலாம். கோரிக்கைத் தொகையைக் காலத்தில் கட்டாததற்கு மாதம் 1 விழுக்காடு ஏறும் வட்டியைக் குறைக்கவோ நீக்கவோ ஆணையர் நிலை அதிகாரிகளுக்கு 220(2ஏ) பிரிவில் அதிகாரம் இருக்கிறது. கட்டினால் உண்மையான கஷ்டம், தவறியது தன் கையை மீறிய காரணத்தால், விசாரணைக்கு ஒத்துழைப்பு என்ற மூன்றையும் காட்ட வேண்டும். இந்த வட்டி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. 14 லட்சத்துக்கு மாதம் 14,000 ரூபாய். தாமதிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

தரகரை அடையாளம் காண்பது

ரொக்கம் கேட்பவர், ரசீது இல்லை என்பவர், “நோட்டீஸ் எண்ணெல்லாம் எதுக்கு” என்பவர், பத்திரத்தையோ கையெழுத்திட்ட வெற்றுக் காகிதத்தையோ கேட்பவர், நாளைக்கே ஏலம் என்று பயமுறுத்துபவர். இவர்களில் யாரும் வரி ஆலோசகர் அல்ல. வரிப் பணம் எந்த மனிதர் கையிலும் கொடுக்கக் கூடியதல்ல. பான் எண்ணும் ஆண்டும் குறித்து, இணையதளம் அல்லது வங்கி வழியாக அரசுக் கணக்கில் கட்டி, செலான் வாங்க வேண்டியது. ஆலோசகருக்கான கூலி வேறு. அதை ரசீதோடு அவருக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும்.

ஏலப் பயமும் அளவுக்கு மீறியது. வருமான வரி பாக்கிக்காக நிலத்தை ஜப்தி செய்ய முடியும் என்பது உண்மை. ஆனால் அதற்கு வரி வசூல் அதிகாரியின் சான்று, நோட்டீஸ், அவகாசம், ஏல அறிவிப்பு என்று படிகள் உண்டு. விவசாயியின் பிழைப்புக்குத் தேவையான ஏர்க் கருவிகள், மாடுகள், விதை தானியம் ஆகியவற்றை ஜப்தி செய்யக் கூடாது என்ற பாதுகாப்பும் உண்டு.

வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதி இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கும் அங்கே இலவச உதவி கிடைக்கும்.

அரை ஏக்கரை விற்றுத் தரகருக்குக் கொடுத்திருந்தால், 4 லட்சமும் போயிருக்கும், பாக்கி 14 லட்சமும் அப்படியே இருந்திருக்கும், நிலமும் குறைந்திருக்கும். வாசகர் எழுதிக் கேட்டது நல்லதாகப் போயிற்று.

இரண்டு குறுங்கேள்விகள்

ஊத்துக்கோட்டை வட்ட வாசகர்: சாலைக்காக அரசு எடுத்த நிலத்துக்கு வந்த இழப்பீட்டுக்கு வரி உண்டா?

எந்தச் சட்டத்தின் கீழ் எடுத்தார்கள் என்பதை இழப்பீட்டு உத்தரவில் முதலில் பார்க்க வேண்டும். 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின்படி என்றால் 96-ஆவது பிரிவு இழப்பீட்டுக்கு வருமான வரி விலக்கு தருகிறது. மத்திய நேரடி வரிகள் வாரியமும் 2016 அக்டோபர் 25 தேதியிட்ட 36-ஆம் எண் சுற்றறிக்கையில் இதை உறுதி செய்திருக்கிறது. தேசிய நெடுஞ்சாலைச் சட்டம், சிப்காட்டுக்கு நிலம் எடுக்கப் பயன்படும் 1997-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் என்றால் ஆலோசகரிடம் உத்தரவைக் காட்டிக் கேட்பது நல்லது. எந்தச் சட்டமானாலும், மேலே சொன்ன தூர அளவின்படி கிராமப்புற விவசாய நிலம் என்றால் மூலதன லாப வரி இல்லை. ஆனால் இழப்பீடு தாமதமானதற்குத் தரும் வட்டி தனி. அது வருமானமாகவே கருதப்பட்டு, பாதியைக் கழித்து மீதிக்கு வரி வரலாம்.

பொன்னேரி வாசகர்: தீவனக் கடைக்கு 2018-19-க்கான ஜி.எஸ்.டி. பாக்கி இருக்கிறது. சமாதானம் உண்டா?

2017-18 முதல் 2019-20 வரை மூன்று ஆண்டுகளுக்கு, மோசடி இல்லாத 73-ஆவது பிரிவுக் கோரிக்கைகளில் வரியை முழுமையாகக் கட்டினால் வட்டியும் அபராதமும் இல்லை என்று 128ஏ பிரிவு சலுகை தந்தது. வரியைக் கட்ட 2025 மார்ச் 31 கெடு. அந்த நாளுக்குள் வரியைக் கட்டியிருந்தால், அந்த ஒப்புகைகளோடு அலுவலகத்தை அணுகலாம். கட்டவில்லை என்றால், தவணை கேட்பதும், உத்தரவில் தவறு இருந்தால் மேல்முறையீடு செய்வதும்தான் வழி. அடுத்த திட்டம் வரும் என்று காத்திருந்து வட்டியை ஏற்றிக்கொள்ள வேண்டாம்.